வீட்டுக்கு வராத காய்

குவாலா சிலாங்கூர் பசாரில் காய்கறிக் கடை வைத்திருந்த காலத்தில் நல்லசாமிக்கு ஊரின் நாக்கு மொத்தமும் மனப்பாடம். மருந்துக்கடை அம்மாவுக்கு விதை முற்றாத பிஞ்சுக் கத்திரி. கோயில் ஐயருக்கு நீளப் பாகல். குட்டைப் பாகலைக் கண்டாலே அவருக்கு முகம் கோணும். ஆற்றோரத்து மீன் சாப்பாட்டுக் கடைச் சீன முதலாளி தவுக்கேவுக்குக் கங்கோங் கீரை, அதுவும் தண்டை ஒடித்தால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும். ஆள் வாயைத் திறப்பதற்குள் நல்லசாமியின் கை உரிய கூடைக்குப் போய்விடும்.

வாங்க வருகிறவர்கள் வாயால் ஆயிரம் சொல்வார்கள். 'போன தடவ குடுத்தது ஒரே பூச்சி' என்பார்கள், 'அடுத்த கடையில இதவிட மலிவு' என்பார்கள். நல்லசாமி வாயைக் கேட்பதில்லை, கண்ணைப் பார்ப்பார். எந்தக் காயைப் பார்க்காத மாதிரி பார்க்கிறார்களோ அதுதான் அவர்களுக்கு வேண்டிய காய். அதில் மட்டும் விலையை இறக்கக் கூடாது. இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு ஒரு மகளைப் படிக்க வைத்து, தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டையும் வாங்கிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவரைக் கொழுந்தியாள் சின்னத்தாய் போனில் ஒரே கேள்வி கேட்டு மடக்கிவிட்டாள்.

"அக்கா தெவசம் வருது மச்சான். மொத வருசம். அவளுக்குப் புடிச்சதெல்லாம் வெச்சுப் படைக்கணும். அக்காவுக்கு என்னா காய் ரொம்பப் புடிக்கும்?"

நல்லசாமி யோசிக்கவே இல்லை. "கத்திரிக்கா."

"கத்திரிக்காயா? எஸ்டேட்ல இருந்தப்ப கையாலகூடத் தொட மாட்டாளே. நாக்கு அரிக்குதும்பா."

"அப்ப வெண்டிக்கா."

"மச்சான், வெல சொல்ற மாதிரி சொல்றீங்க. நான் மொகத்தச் சுளிச்சா எறங்கி வர்றீங்க. நெசமா என்னா புடிக்கும்னு சொல்லுங்க லா."

மறுமுனையில் புக்கிட் ரோத்தான் வீட்டின் தொலைக்காட்சியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். இந்த முனையில் நல்லசாமி, சுவரில் மாலை போட்டுத் தொங்கிய மனைவி கங்காவின் படத்தைப் பார்த்தார். படத்துக்குக் கண் இருந்தது. ஆனால் அது எந்தக் கூடைப் பக்கமும் போகவில்லை.

கங்கா கத்திரிக்காய் சமைத்தாள்தான். வாரத்தில் பாதி நாள் கத்திரிக்காய்தான். ஏனென்றால் கடையில் பாதி நாள் மிஞ்சியது கத்திரிக்காய். கோணியது, ஓட்டை விழுந்தது, வாடியது. முற்றிப்போய்க் கத்தியை மறுத்த வெண்டை, பழுத்து மஞ்சளாகிப்போன பயத்தங்காய், ஒரு கன்னம் அழுகிய தக்காளி, முட்டைக்கோசின் மேல் இலை. மத்தியானம் கடையைக் கட்டும்போது எது மிஞ்சுகிறதோ அது ஒரு பிளாஸ்டிக் பையில் வீட்டுக்கு வரும். அதை வெட்டி, அழுகலை வீசி, மசாலாவில் அதன் வயசை மறைத்து, சுடச்சுடச் சோற்றோடு வைப்பாள். அவர் அப்போதெல்லாம் தட்டைப் பார்த்துச் சொல்வார்: "பாத்தியா, வித்தாலும் லாபம், விக்கலேன்னாலும் லாபம்." அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு நிஜமா என்று பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. மனைவி வாடிக்கையாளர் இல்லையே.

"மச்சான்? இருக்கீங்களா?"

"பீசா," என்றார் நல்லசாமி.

"என்னாது?"

கருமாதி அன்று தையல்கார இராஜம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருந்தது. 'பாவம், பீசான்னா அவளுக்கு உசுரு. எங்கூடக் கடைக்கு வந்து ஆசையாச் சாப்புடுவா.' துக்க வீட்டில் என்ன பேச்சு இது என்று அன்று அவருக்குக் கோபம்கூட வந்தது. இப்போது, மொத்தக் கடையும் காலியான பிறகு மூலையில் கிடைத்த ஒரே காய் அதுதான்.

சின்னத்தாய் தொலைக்காட்சியை அணைத்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

"சரி. புடிச்சது அதுன்னா அதத்தான் வெக்கணும். ஆனா கடையில வாங்கிட்டு வந்து வெக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன். நம்ம வீட்டு அடுப்புல, நம்ம கையால செஞ்சாத்தான் அது படையல். சைவமா இருக்கணும். படைக்கிறதுக்கு முன்ன நாக்குல வெச்சு உப்புப் பாக்கக் கூடாது. சாம்பார், வட, பாயாசம் நான் வந்து செஞ்சிர்றேன். அந்த பீசா ஒங்க பாடு."

மகள் குமுதா சிங்கப்பூரில் வேலை, ஜொகூரில் வாடகை வீடு. செய்தியைக் கேட்டு அவள் அனுப்பிய குரல் பதிவில் பின்னால் பேருந்து உறுமியது.

"பா, சீரியஸா? கிராப் ஆப்ல ஆர்டர் பண்ணி, பாக்ஸத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, தட்டுல வெச்சிருங்க. சித்திக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் மகள்தான், சந்தேகமில்லை. நல்லசாமி பதில் அனுப்பினார்: "ஒங்க சித்திக்குத் தெரியாதும்மா. சாப்புட வர்றவளுக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு குமுதா கிண்டல் செய்யவில்லை. கோதுமை மாவு, ஈஸ்ட், சீனி, உப்பு, எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினாள். லீவு கிடைக்கவில்லை என்பதையும் கடைசியில் சேர்த்தாள். அதை அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

வீட்டில் ஓவன் இருந்தது. குமுதா முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கித் தந்தது. எல்லா வீட்டிலும் நடப்பதே இங்கும் நடந்தது: ஓவன் அலமாரியானது. நல்லசாமி கதவைத் திறந்தபோது உள்ளே முறுக்கு டின்கள், அப்பளக் கட்டு, முக்கோணமாக மடித்து மடித்து அடுக்கிய பிளாஸ்டிக் பைகள். எல்லாம் அவர் மிச்சக் காயைக் கட்டிக்கொண்டு வந்த பைகள். ஒன்றைக்கூட அவள் எறியவில்லை போலிருக்கிறது. கை நிறைய அள்ளி மேசைமேல் வைத்தார். குப்பைக்கூடை பக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் மேசைமேலேயே வைத்துவிட்டு ஓவனைத் துடைத்தார்.

முதல் நாள் மாவு பிசைந்தது தனிக் கதை. வெதுவெதுப்பான தண்ணீர் என்று குமுதா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நல்லசாமிக்குத் தெரிந்த மாவு வேலை ஒன்றே ஒன்று, இடியாப்பத்துக்கு மாவு நனைப்பது. தீபாவளிக்கு அவர் ஒத்தாசை அவ்வளவுதான். கெண்டியைப் பிடித்துக் கொதிக்கிற தண்ணீரை அவர் ஊற்ற, கங்கா கரண்டிக் காம்பால் கிளறுவாள். தண்ணீர் கொதிக்காவிட்டால் மாவு பச்சை வாடை அடிக்கும் என்பாள். அதனால் அவர் மகள் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார். கெண்டி விசில் அடிக்க அடிக்க ஈஸ்ட்டின் தலைமேல் ஊற்றினார்.

ஈஸ்ட் என்பது உயிருள்ள சரக்கு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அது அங்கேயே உயிரை விட்டது. மாவு எழும்பும் என்று ஈரத்துணி போட்டு மூடி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். மாவு வைத்தபடியே கிடந்தது. அதைத் தட்டிச் சுட்டபோது வந்த பொருளைக் கொண்டு சுவரில் ஆணி அடிக்கலாம். மெலாவாத்தி குன்றிலிருந்து இறங்கி வந்து தாமான் குப்பைத் தொட்டிகளைச் சூறையாடும் குரங்கு ஒன்றுக்கு அதை வீசினார். குரங்கு அதை முகர்ந்தது, புரட்டியது, அவரைப் பார்த்தது, கீழே வைத்துவிட்டுப் போனது. எத்தனையோ கறாரான வாடிக்கையாளர்களைப் பார்த்தவர் அவர். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"பா, சுடுதண்ணி ஊத்துனா செத்துரும்," என்றாள் குமுதா. "கை வெச்சா சுடக் கூடாது. கொழந்தைக்குக் குளிக்க ஊத்துற மாதிரி."

அது புரிந்தது. மறுநாள் அந்த அளவுக்கு ஆற்றினார். நுரை வந்தது. உள்ளங்கையால் தள்ளி, மடித்து, மறுபடி தள்ளினார். மாவு முதலில் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை; பிறகு மெல்ல ஒத்துவந்தது. துணியைத் தூக்கியபோது சட்டி நிரம்ப உப்பியிருந்தது. வீட்டில் தன்னைத் தவிர இன்னொன்று மூச்சு விடுவதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. "கங்கா" என்று வாய்வரை வந்தது. கூப்பிட ஆள் இல்லாததால், மாவைப் போட்டோ எடுத்துக் குமுதாவுக்கு அனுப்பினார். அவள் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மேலே போட வீட்டில் இருந்த காயை வெட்டினார். பழக்க தோசம், அவர் இன்னும் கடை கட்டுகிற நேரத்துக்குத்தான் பசாருக்குப் போவார். மிச்சம் மீதியைக் கூறு போட்டு மலிவாகத் தருவார்கள். கோணல் கத்திரி, முற்றல் வெண்டை. தக்காளியை வதக்கி, பூண்டும் காய்ந்த மிளகாயும் தட்டிப் போட்டுச் சட்னிபோல் தடவி, காயைப் பரப்பி, சீஸைத் தூவி ஓவனில் தள்ளினார். வந்தது ரொட்டிதான், விளிம்பு பொன்னிறம்கூட ஆகியிருந்தது. வெண்டைக்காய் மட்டும் வழவழவென்று சீஸோடு போட்டி போட்டு இழுத்தது.

மேசையில் தனியாக உட்கார்ந்து ஒரு துண்டைக் கடித்தார். மோசமில்லை. ஆனால் மென்று விழுங்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. இது அவர் வீட்டுச் சாப்பாடு. அச்சு அசல், என்றைக்கும் சாப்பிடுகிற சாப்பாடு. ரொட்டிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதைத் தின்னவா அவள் புடவை மாற்றிக்கொண்டு பீசாக் கடைக்குப் போனாள்?

அவளோடு அவர் அந்தக் கடைக்குப் போனதில்லை. ஒரு தடவை கேட்டாள். லோரிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வரும் வழியில், கண்ணாடிக் கதவைப் பார்த்து, "ஒரு நாளைக்கு இங்க வருவமா?" என்றாள். அவர் சும்மா இருந்திருக்கலாம். பேச்சில் வாழ்ந்த வாய், சும்மா இருக்குமா? "எதுக்கு? நம்ம காய நம்மகிட்டயே வாங்கி, ரொட்டிமேல போட்டு, நமக்கே விக்கிறான். அவன் நம்மளவிடப் பெரிய யாவாரி," என்றார். லோரியில் இருந்த கூலியாள்கூடச் சிரித்தான். கங்காவும் சிரித்தாள். மறுபடி கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும் கேட்கிறவர்களைப் பசாரில் அவர் நன்றாக அறிவார். அவர்கள் விலை படியாமல் போகிறவர்கள் இல்லை. வேறு கடை பார்த்துக்கொள்கிறவர்கள்.

மறுநாள் காலை இராஜம்மாவின் தையற்கடைக்குப் போனார். கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு ரவிக்கைக் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. என்னா, சட்டை தைக்கவா? எளைச்சுட்டீங்க. பழைய அளவு ஒதவாது."

"சட்டை இல்லம்மா. கங்கா ஒங்கூட பீசா சாப்புட வருவான்னியே. அது நெசமா?"

இராஜம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஐயோ, அத மனசுல வெச்சிட்டு இப்ப சண்டைக்கு வந்திருக்கீங்களா? வெள்ளிக்கெழம கோயில் பூச முடிஞ்சா எப்பவாவது போவோம். எப்பவாவதுதான். அவ சொந்தக் காசுதாண்ணே, மாவு அரைச்சு வித்த காசு."

"சண்டை இல்ல தாயி. தெவசத்துக்குச் செஞ்சு படைக்கணும். அதுக்கு மேல அவ என்னா காய் போடச் சொல்லுவா? அது தெரியணும்."

இராஜம்மா அவரையே பார்த்தாள். துணியின் தரம் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு ஊசிப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு, குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் குத்தியபடியே சொன்னாள்.

"மொத தடவ போனப்ப அந்தக் கடைப் பொண்ணு படம் போட்ட ஒரு அட்டையக் காட்டி என்னா போடணும்னு கேட்டுச்சு. எனக்குப் படிக்கத் தெரியல, கங்காவுக்கும் தெரியல. நான், ஏதாச்சும் போட்டுக் குடும்மான்னேன். கங்கா என் கையத் தட்டி விட்டுட்டா. 'இரு, நாஞ்சொல்றேன்'னா."

"என்னா சொன்னா?"

"அந்தப் பொண்ணு நம்ம தமிழ்ப் பொண்ணுதான். கங்கா சொன்னா..." இராஜம்மா இன்னொரு குண்டூசியைக் குத்தினாள். "'எங்க வீட்டுக்கு வராத காயாப் பாத்துப் போடும்மா'ன்னா. அந்தப் பொண்ணுக்குச் சிரிப்புத் தாங்கல. ஒங்க வீட்டுக்கு எது வராதுன்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்னுச்சு. அப்பறம் கங்கா கண்ணாடிக்குள்ள இருந்தத விரலால தொட்டுத் தொட்டுக் காட்டுனா. நான் எதிர்ல ஒக்காந்து போன் பேசிட்டிருந்தேன். எதெதுன்னு கவனிக்கலண்ணே. ஆனா நல்லாக் கலர் கலரா இருந்துச்சு."

நல்லசாமி தலையாட்டினார். இராஜம்மா தேநீர் வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கும் தலையாட்டினார். பிறகு தேநீர் வருவதற்குள் எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வராத காய். கடைப் பெண்ணுக்குத் தெரியாததுதான், இராஜம்மா கவனிக்காததுதான். ஆனால் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு அந்தக் கணக்குத் தலைகீழாகத் தெரியும். எது வீட்டுக்கு வந்தது என்பதைத் தீர்மானித்தவர் அவர்தானே!

மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கடையை மனதுக்குள் விரித்தார். கெமரன்மலையிலிருந்து வரும் குடமிளகாய், சிவப்பும் மஞ்சளும். வந்த பெட்டி பத்து மணிக்குள் காலியாகும். ஓட்டல்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். ஒன்றுகூட மிஞ்சியதில்லை. தஞ்சோங் காராங் பக்கத்திலிருந்து விடிகாலையில் வரும் சிப்பிக் காளான். அதுவும் அப்படித்தான். கோலிக் குண்டு மாதிரி இருக்கும் செர்ரி தக்காளி. பிஞ்சுச் சோளம். இவற்றையெல்லாம் காலையில் அடுக்கியது யார்? கங்காதான். ஈரத்துணியால் துடைத்து, பளபளவென்று இருப்பதை மேலே வைத்து, வாடியதைக் கீழே தள்ளி, பார்க்கிறவன் நின்றுவிடுகிற மாதிரி அடுக்குவாள். அடுக்கி முடித்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்ப்பாள். அடுக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என அவர் நினைத்திருந்தார்.

பார்க்காத மாதிரி பார்க்கிறவர்களை மட்டுமே அவர் கண்டுபிடிப்பார். நேராகப் பார்த்துக்கொண்டு நின்றவளை விட்டுவிட்டார்.

திதி அன்று விடிந்ததும் பசாருக்குப் போனார். கடை திறக்கிற நேரத்தில், வாங்குகிறவராக, அவர் அங்கே வருவது இதுதான் முதல் தடவை. கங்கா போன பிறகு கடையை, அங்கே வேலை பார்த்த முகுந்தனிடம் விட்டிருந்தார். நாக்கு நீண்ட பிள்ளை. தொழிலுக்கு ஏற்ற நாக்கு.

"அடடே, மொதலாளியே நேரா வந்துட்டாரு! இருங்கண்ணே, ஒங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்." முகுந்தன் மேசைக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தான். நேற்றைய மிச்சம். சுருங்கிய குடமிளகாய்கூட ஒன்று அதில் இருந்தது. "காசெல்லாம் வேணாம். நம்ம வீட்டுக்குத்தான, வெட்டிப் போட்டா தெரியவா போவுது?"

அவர் கங்காவிடம் எத்தனையோ தடவை சொன்ன வசனம்தான் அது. சொல்கிறவன் மட்டும்தான் மாறியிருந்தான்.

"அத உள்ள வெய்யி," என்றார் நல்லசாமி. "அந்தப் பெட்டிய ஒட."

"அண்ணே, அது ஓட்டலுக்குப் போறது."

"போவட்டும். நான் பொறுக்கின பெறகு போவட்டும்."

முகுந்தன் வாயைப் பிளந்தான். யாரும் பொறுக்கக் கூடாது என்று கையில் அடிக்காத குறையாக வியாபாரம் செய்தவர், இப்போது குனிந்து ஒவ்வொரு குடமிளகாயாகத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். காம்பை முகர்ந்தார். சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. காளானில் ஓரம் மடியாததாக ஒரு பிடி. செர்ரி தக்காளியில் வெடிக்காதது. கடைசியில் முகுந்தன் விலை சொன்னான். பேரம் பேசுவார் என்று கூட்டியே சொன்னான். அது அவருக்கும் தெரிந்தது, அவருக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்தது. நல்லசாமி நோட்டை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஏன்டா?"

"கொறைச்சுக் கேக்க மாட்டேன்றீங்க. பயமா இருக்கு லா."

நல்லசாமி பையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுக்கப் போனவர் திரும்பினார். "முகுந்தா, ஒன் சம்சாரத்துக்கு என்னா காய் புடிக்கும்?"

"அவளுக்கா?" முகுந்தன் சிரித்தான். "அவ எல்லாம் சாப்புடுவாண்ணே. ஒரு தொந்தரவும் இல்ல."

"ஆமா," என்றார் நல்லசாமி. "என் வீட்டுலயும் தொந்தரவே இல்ல."

சின்னத்தாய் வந்தபோது மாவு உப்பி முடிந்திருந்தது. அவள் சாம்பாரையும் வடையையும் ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டே, மறு கண்ணால் மச்சானைக் கவனித்தாள். அவர் மாவை வட்டமாகத் தள்ளினார். அது வட்டமாகாமல் சிலாங்கூர் வரைபடம் மாதிரி ஆனது. தக்காளிச் சாந்தைத் தடவினார். குடமிளகாயை மெல்லிய வளையமாக அரிந்து பரப்பினார். காளானைக் கையால் கிழித்துப் போட்டார். இடையிடையே செர்ரி தக்காளியைப் பாதியாக வெட்டி வைத்தார். எதையும் எதன்மேலும் மறைக்கவில்லை. அடுக்கி முடித்துவிட்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்த்தார்.

"ரொட்டிக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரி இருக்கு," என்றாள் சின்னத்தாய். "உப்புப் போட்டீங்களா?"

"போட்டேன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?"

"நீதான நாக்குல வெக்கக் கூடாதுன்ன!"

ஓவனிலிருந்து எடுத்தபோது ஒரு பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது. சின்னத்தாய் அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கப் போனாள். நல்லசாமி அவள் கையைத் தடுத்தார்.

"மறைக்காத. அடுக்கறது அவ வேல. அவளுக்குத் தெரிஞ்சிரும்."

படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்தார்கள். சோறு, சாம்பார், வடை, பாயாசம், நடுவில் சீஸ் இன்னும் கொப்பளித்துக்கொண்டிருக்கும் பீசா. சின்னத்தாய் கத்தியை எடுத்து வந்து, "வெட்டாம வெச்சா அக்கா எப்பிடிச் சாப்புடுவா?" என்று துண்டு போட்டாள். சூடம் காட்டினார்கள். குமுதா போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் யாரோ கூப்பிட, "பா, நான் அப்பறம் பேசறேன்" என்று படம் அணைந்தது. இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். சாப்பிட வருகிறவர்களை யாரும் பார்க்கக் கூடாது. சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று தோன்றும்போது வெளியிலிருந்து லேசாக இருமிக் காட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் கதவைத் திறக்க வேண்டும். அவர்கள் எஸ்டேட் லயத்தில் இருந்த காலம் தொட்டு அதுதான் முறை.

கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்தார்கள். எதிர் வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீடு வாடகைக்கு என்று பலகை தொங்கியது. வெயில் கம்பிக் கேட்டின் நிழலைக் கோடு கோடாகத் தரையில் போட்டிருந்தது.

சற்று நேரத்தில் சின்னத்தாய் கைப்பையைத் தேடினாள். "போதும் மச்சான். இருமுங்க, தெறப்போம். எனக்கு பஸ் இருக்கு."

நல்லசாமி அசையவில்லை. "சின்னத்தாயி, ஒங்கக்கா சாப்புட எவ்வளவு நேரம் ஆவும்?"

"என்னக் கேட்டா? ஒங்ககூடத்தான இத்தன காலமா சாப்புட்டா?"

"எங்கூட எங்க சாப்புட்டா? எனக்குப் போட்டுட்டு நிப்பா. நான் எந்திரிச்சுப் போயி படுத்துருவேன். அப்பறந்தான் அவ ஒக்காருவா." அவர் கதவைப் பார்த்தார். "மெதுவாச் சாப்புடுறவளா, சட்டுனு முடிக்கிறவளான்னு எனக்குத் தெரியல."

சின்னத்தாய் கைப்பையைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருந்தாள். பஸ் நேரம் நெருங்கியதும் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே பாத்துத் தெறங்க மச்சான். ஆறிப்போனா ரொட்டி வெறைச்சுரும்," என்று மட்டும் சொல்லிவிட்டு கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள். அவள் செருப்புச் சத்தம் முச்சந்தி வரைக்கும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கதவிடுக்கு வழியாகக் குடமிளகாய் வாடை வந்தது. இவ்வளவு நாளும் ஓட்டல்களுக்குப் போன வாடை. இந்நேரம் சீஸ் இறுகத் தொடங்கியிருக்கும். உப்புச் சரியாக இருந்ததா என்று கேட்க முடியாது. கருகின துண்டைத்தான் அவள் முதலில் எடுத்திருப்பாள், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. நல்லது தட்டில் இருக்கும்போதே கருகினதை எடுக்கிற கை அது. அந்தப் பழக்கம் விட்டு, அடுத்த துண்டுக்குக் கை போக நேரம் பிடிக்கும்.

நல்லசாமி நாற்காலியைக் கதவுப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சூடத்துப் புகை இன்னும் தொண்டையில் இருந்தது. அரித்தது, இருமல் மேலேறி வந்தது. வாயைத் துண்டால் இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் கோக்கக் கோக்க, அதை உள்ளேயே விழுங்கினார்.